500 லிட்டர் தொட்டி, இருபது மீன், நாலு கீரைப் படுக்கை

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் வீடு. பழைய 500 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மொட்டை மாடியில் வைத்து நூறு ஜிலேபி மீன் விட்டு, டிரம்மை அறுத்து மேலே வைத்துக் கீரை போடலாம் என்று இருக்கிறேன். போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. மண் இல்லாமல் மீன் கழிவிலேயே கீரை வருமா? எப்படித் தொடங்குவது?

பதில்: கீரை நன்றாகவே வரும். ஆனால் நூறு மீன் வேண்டாம், மொட்டை மாடியும் வேண்டாம்.

முதலில் எடையைப் பாருங்கள். வீட்டு மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குத்தான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். நிறைந்த தொட்டி மட்டுமே அரை டன். ஜல்லியும் தண்ணீருமாக ஒவ்வொரு படுக்கையும் ஏறக்குறைய 200 கிலோ வரும். பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மேலே ஏற்ற வேண்டாம். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் விழும் தரையே நல்ல இடம்.

200 லிட்டர் நீல டிரம் இரண்டை நீளவாக்கில் அறுத்தால் நாலு படுக்கை கிடைக்கும், மொத்தப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்து வாங்குங்கள். உங்கள் பகுதியில் சாயப்பட்டறை ரசாயனம் வந்த டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவை இதற்கு ஆகாது. உணவுப் பொருள் வந்த டிரம்தான் வேண்டும்.

படுக்கைக்குள் அரை இன்ச் அல்லது முக்கால் இன்ச் கருங்கல் ஜல்லி. போடுமுன் நாலைந்து கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் காரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும், ஒதுக்கிவிடுங்கள். தூசி போக அலசி, 28 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள்.

படுக்கைகள் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, கான்கிரீட் பிளாக் அடுக்கிய மேடையில் உட்கார வேண்டும். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், படுக்கை வடிந்து தொட்டிக்கே திரும்பும். படுக்கை நிரம்பியதும் தானே மொத்தத் தண்ணீரையும் இழுத்து வடிக்கும் பெல் சைபன் வைக்கச் சொல்லிப் பலரும் காட்டுவார்கள். தண்ணீர் வரத்து சற்றுக் குறைந்தால் அது இழுக்கத் தொடங்காது, கூடினால் நிற்காது. தொடக்கத்தில் அந்தத் தலைவலி தேவையில்லை. ஒவ்வொரு படுக்கையிலும் முக்கால் இன்ச் பிவிசி குழாயை 22 செ.மீ. உயரத்துக்கு நட்டு, அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கல் அடைக்காதபடி துளையிட்ட 4 இன்ச் குழாயை அதைச் சுற்றி நிறுத்துங்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் குழாயின் வாய் வரை ஏறி நிற்கும். நின்றதும் சிறு துளை வழியாக அரை மணிக்குள் வடிந்து, வேருக்குக் காற்று கிடைக்கும். மேலே உள்ள கல் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும். நனைந்தால் பாசி பிடிக்கும், தண்டு அழுகும்.

மணிக்கு 2500 முதல் 3000 லிட்டர், 3 மீட்டர் உயரம் என்று எழுதிய மூழ்கு மோட்டார் வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் ஏற்றும்போது அதில் பாதிதான் வரும், அது போதும். முள் வைத்த சாதாரண டைமரில் கால் மணி ஓட்டம், அரை மணி ஓய்வு. மின்வெட்டில் டைமர் பின்தங்கினாலும் சுழற்சி மாறாது. நாலு படுக்கையும் நிரம்பும்போது தொட்டியில் 120 லிட்டருக்கு மேல் இறங்கும். எனவே எல்லாம் வடிந்திருக்கும் நேரத்தில் பார்த்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே மட்டத்தை நிறுத்துங்கள். மோட்டார் நிற்கும் நேரமும் மீனுக்கு மூச்சு வேண்டுமே, அதற்குத் தனியாக ஏர் பம்பும் இரண்டு காற்றுக்கல்லும் இரவும் பகலும் ஓட வேண்டும். பேட்டரியில் ஓடும் வகையாகப் பாருங்கள்.

இனி முக்கியமான கட்டம். தொடங்குபவர்களின் மீன் பெரும்பாலும் சாவது இங்கேதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கீரைக்கு உரம் அந்த நைட்ரேட். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. புது ஜல்லியில் இந்த நுண்ணுயிர்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீன் விட்டால் இரண்டாம் வாரத்தில் வாய் பிளந்து மேலே மிதக்கும்.

அதனால் மீன் இல்லாமலே தொடங்குங்கள். தூய அம்மோனியம் குளோரைடு 4 கிராமைக் கரைத்து ஊற்றினால் 500 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். (பாத்திரத்துக்கு ஈயம் பூச வைத்திருக்கும் நவச்சாரமும் இதே உப்புதான், கலப்பு இருக்கும் என்பதால் அதை வாங்க வேண்டாம்.) நன்றாக ஓடும் மீன் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த தண்ணீர் கிடைத்தால் ஜல்லியில் ஊற்றுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். வண்ணமீன் கடையில் சோதனைக் கிட் வாங்கி இரண்டு நாளுக்கொரு முறை பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். அம்மோனியா தீரும்போதெல்லாம் அதே 4 கிராம். ஊற்றிய 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யமாகிவிட்டால் தொட்டி தயார்.

உங்கள் போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இசி) மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பாதிக்குப் பாதி மழைநீர் கலக்க வேண்டும். பிஎச், அதாவது அமில-கார அளவு, அதைவிட முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவில் இருக்காது; 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். நுண்ணுயிர் வேலை செய்யச் செய்ய பிஎச் தானே இறங்கும். 6.5-க்கும் 7-க்கும் இடையில் வைத்திருங்கள். 6.2-க்குக் கீழே போனால் கிளிஞ்சலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றக் கூடாது, ஒரே நாளில் தூக்கிவிடும்.

மீனின் எண்ணிக்கையைத் தீவனத்திலிருந்து கணக்கிடுங்கள். கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் போதும். உங்கள் 2 சதுர மீட்டருக்கு உச்சம் 100 கிராம். வளர்ந்த மீன் உடல் எடையில் 2 சதவீதம் தின்னும் என்றால் 5 கிலோ மீன், அதாவது கால் கிலோ எடையில் இருபது. கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரக ஜிலேபி வளர்க்க மீன்வளத் துறை அனுமதி தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி நாடு முழுதும் தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதல் தடவைக்கு விரலளவு கோய் கெண்டை இருபது போதும். 30 சதவீதப் புரதமுள்ள மிதவைத் தீவனத்தை நாளுக்கு 10 கிராமில் தொடங்கி, கால் மணியில் தின்று தீர்ப்பதை மட்டும் போடுங்கள். மிச்சத்தை வலையால் எடுத்துவிடுங்கள். மீன் சோர்ந்து செவுள் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரைட். தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, கல் உப்பு 250 கிராம் கரைத்து விடுங்கள்.

வள்ளைக்கீரை, புதினா, பொன்னாங்கண்ணி மூன்றும் தண்டு ஊன்றினாலே பிடிக்கும். ஒரு மாதத்தில் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. மீன் தீவனத்தில் அது போதிய அளவு இருக்காது. டிடிபிஏ வகை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவ) 11 சதவீத இரும்பு 9 கிராமைக் கரைத்து மூன்று வாரத்துக்கொரு முறை தொட்டியில் விடுங்கள். பழைய இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறை. பிஎச் ஏற்ற வேண்டிய சமயத்தில் கிளிஞ்சலுக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் சிறிது சேர்த்தால் இரண்டும் சரியாகும். அசுவினி வந்தால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்கூட வடிந்து இறங்கினால் மீனைக் கொல்லும். மிளகாய், தக்காளி போட ஆசை இருந்தால் மீன் நூறு கிராம் தாண்டட்டும். அப்போது ஒரு படுக்கையை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள்.