நன்றாக இருந்த ரோட்டின் மேல் மறுபடியும் ரோடு: நகராட்சியைக் கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். வீட்டு வரி, தண்ணீர் வரி எதிலும் பாக்கி இல்லை. எங்கள் தெருவில் மூன்று வருடத்துக்கு முன் போட்ட சிமென்ட் சாலை நல்ல நிலையில்தான் இருந்தது. போன மாதம் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். தெரு உயர்ந்து, எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. பின்தெருவில் திறந்து கிடக்கும் சாக்கடையைக் கட்டச் சொல்லி நான்கு முறை மனு கொடுத்தோம். நான்கு முறையும் "நிதி இல்லை" என்றே பதில். அலுவலகத்தில் போய்க் கேட்டால், "மன்றம் எடுத்த முடிவு, உங்களுக்கு விளக்கம் சொல்ல அவசியமில்லை" என்கிறார்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எழுதியதற்கு, மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று கவுன்சிலர் தரப்பிலிருந்து மிரட்டல். வரி கட்டுவதை நிறுத்திவிடலாமா? ஐகோர்ட்டில் பொதுநல வழக்குப் போடலாமா?

பதில்: வரியை நிறுத்தாதீர்கள். தெருக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் எழும் யோசனை இதுதான் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன். சொத்து வரி சட்டம் விதிப்பது. "ரோடு சரியில்லை, அதனால் கட்டவில்லை" என்பது சட்டத்தில் ஒரு பதிலே ஆகாது. வட்டி ஏறும், நோட்டீஸ் வரும். அது போகட்டும். நாளைக்கு நீங்கள் எங்கே மனுப் போட்டாலும், எதிர்மனுவின் இரண்டாவது பத்தியில் "மனுதாரர் ஒரு வரி பாக்கிதாரர்" என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் சாலையை விட்டுவிட்டு உங்கள் பாக்கியைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

ஐகோர்ட்? போகலாம், ஆனால் இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். நல்ல சாலை மேல் சாலை போட்டது வீண் செலவு என்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால், பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது, சாலைக்கா சாக்கடைக்கா என்பதை முடிவு செய்யும் வேலையைச் சட்டம் நகர்மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. நீதிபதிகள் அந்த நாற்காலியில் போய் உட்கார மாட்டார்கள். 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் எடை போடாது, அந்த முடிவை எடுத்த விதம் சரியா என்றுதான் பார்க்கும். ஆகவே "வீண்" என்று மட்டும் எழுதிய மனு பெரும்பாலும் முதல் நாளே திரும்பி வரும். எந்த விதியை, எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தில் மீறினார்கள் என்று காட்டும் மனுவைத்தான் உட்கார்ந்து கேட்பார்கள். உங்களுடைய அடுத்த மூன்று மாத வேலை அந்தக் காகிதத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

உங்களுக்கு விளக்கம் சொல்ல அவசியமில்லை என்றார்களாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு நீங்கள் குடிமகனாக இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்கிறது பிரிவு 6(2). நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி பழசு. உடுப்பியில் கல்யாண மண்டபம் கட்டுவதாக நகராட்சியிடம் அனுமதி வாங்கிய ஒருவர், பிறகு அதே இடத்தில் சினிமா தியேட்டர் கட்ட அனுமதி பெற்றார். அந்தக் குடியிருப்புப் பகுதியில் வசித்த ஒருவர் வழக்குப் போட்டு, 1974-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். நகராட்சி சட்டத்தை மீறினால் அங்கே குடியிருப்பவர் கேட்கலாம்.

சரி, ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனுவுக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களின் மனுக்களில் பத்துக்கு ஏழு "ஏன்" என்று ஆரம்பிக்கின்றன. "நன்றாக இருந்த சாலையை ஏன் மறுபடி போட்டீர்கள்?" இதற்கு அதிகாரி "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுவார், அதில் தப்பும் இல்லை. பதிவில் இருப்பதைக் கொடுத்தால் போதும், காரணங்களைப் புதிதாக யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லியிருக்கிறது. அதனால் கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். தெருவின் பெயரையும் வார்டு எண்ணையும் போட்டு, இந்தப் பணிக்கான மன்றத் தீர்மானம், தயாரித்த மதிப்பீடு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும், டெண்டர் அறிவிப்பு, வந்த விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, பட்டுவாடா செய்த பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். அதோடு மூன்று வருடத்துக்கு முந்தைய சிமென்ட் சாலையின் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். அந்தக் காலம் முடியும் முன்பே மேலே தார் போட்டிருந்தால், உங்கள் வழக்கே வேறு வழக்கு.

பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் தாமதமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் என்ற பிரிவு 20 இருப்பதால், பல மனுக்களுக்கு முதல் மேல்முறையீட்டிலேயே கதவு திறந்துவிடுகிறது. "ஒப்பந்ததாரரின் வியாபார ரகசியம்" என்று ஒரு பதில் வந்தாலும் வரலாம். வேலை முடிந்து பொதுப்பணம் கைமாறிய பிறகு அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

நகலோடு நிறுத்தாதீர்கள். அதே மனுவில், கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), ஆவணங்களை மட்டுமல்லாமல் வேலையையே பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது.

பார்வையிடப் போகும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு எம் புக்கை, அதாவது அளவுப் புத்தகத்தை முதலில் பிரியுங்கள். பக்க எண் அச்சடித்த, தைத்துக் கட்டிய புத்தகம் அது. எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். களத்தில் பொறியாளர் அளந்து எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதை வைத்துத்தான் பில். தீர்மானத்திலும் மதிப்பீட்டிலும் ஒருவரும் பொய் எழுதத் தேவையில்லை. பொய் சொல்ல வேண்டி வந்தால் அது இந்தக் கட்டங்களுக்குள்தான் வந்தாக வேண்டும்.

பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு தையல்காரர் வந்தார். தன் தெருச் சாலையின் எம் புக் நகலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தெரு இந்த முனையில் அகலம், நடுவில் ஒரு பழைய சுவர் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் குறுகும், பிறகு மறுபடி விரியும். புத்தகத்திலோ தலையிலிருந்து கால் வரை ஒரே அகலம். "சட்டைக்கு இடுப்பு அளவே எடுக்காமல் தைத்த மாதிரி இருக்கிறது சார்" என்றார். கடையின் இஞ்ச் டேப்பையே எடுத்துப் போய், பத்தடிக்கு ஒரு தரம் அகலத்தை அளந்து, எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். அந்த ஒரு தாளோடு புகார் போன பிறகு, ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையிலிருந்து வித்தியாசத்தைப் பிடித்தார்கள். நான் செய்தது தட்டச்சு மட்டும்தான்.

உங்கள் விஷயத்தில் நான் தேடச் சொல்வது இன்னொரு வரியை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தினார். அதன் பிறகு மதிப்பீடுகளில் இந்தச் சுரண்டும் வேலைக்கு மில்லிங் என்று ஒரு இனம் தனியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் எம் புக்கில் அது இருக்கிறதா பாருங்கள். மதிப்பீட்டிலேயே இல்லையென்றால் அறிவுறுத்தலை மீறிய வேலை. மதிப்பீட்டில் இருந்து, பில்லும் போட்டு, உங்கள் வாசல் மட்டும் பள்ளமாகியிருந்தால், அதற்குப் பெயர் வீண் செலவு அல்ல, செய்யாத வேலைக்குப் பணம். சுரண்டியிருந்தால் மட்டம் இப்படி ஏறியிருக்காது. ஆகவே இன்றைக்கே வாசற்படியில் ஒரு டேப்பை நிறுத்தி, படி எங்கே சாலை எங்கே என்று தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு முந்தைய படம், யார் வீட்டுக் கல்யாண போட்டோவின் பின்னணியில் இருந்தாலும் சரி, தேடி எடுங்கள்.

தேதிகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-ன் கீழ் விலைப்புள்ளி கொடுக்கக் குறைந்தபட்ச அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வேலை உத்தரவு மன்றத் தீர்மானத்துக்கு முந்திய தேதியில் இருக்கிறதா? அவசரம் என்று தலைவரின் முன் அனுமதியில் செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் பதிவுக்கு வைத்திருக்கிறார்களா? நன்றாக இருந்த சாலையில் என்ன அவசரம் என்று நீதிமன்றம் கேட்கும், அது நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்வி. ஒரே தெருவை மூன்று துண்டாக்கி மூன்று சின்ன வேலைகளாகக் காட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். எங்கே போவது? கலெக்டரின் திங்கட்கிழமை மனுநாளில் கொடுப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் யார் மீது புகாரோ அவர் மேசைக்கே "உரிய நடவடிக்கைக்கு" என்று அது வந்து சேர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் முதலில் எழுதச் சொல்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு. தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், விழுந்தால் அது கோப்பில் தங்கிவிடும், இழப்பை உரியவர்களிடமே வசூலிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதிகாரிகள், உறுப்பினர்கள் மீதான முறைகேட்டுப் புகாருக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். அங்கே வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். அதுவும் அதிகாரி தன் பதவியில் எடுத்த முடிவைப் பற்றியது என்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவு முன் அனுமதி கேட்கிறது, நாளாகும். இத்தனைக்கும் பிறகு எழுத்தில் கோரிக்கை வைத்து அவர்கள் அசையவில்லை என்றால், ஐகோர்ட்டுக்கோ மதுரைக் கிளைக்கோ போக உங்களிடம் ஒரு வழக்கு இருக்கும்.

சாக்கடைக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். இங்கேதான் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் இதே கதை: திறந்த சாக்கடை, நாற்றம், நகராட்சி சொன்ன பதில் "பணம் இல்லை". குடியிருப்பவர்கள் போனது ஐகோர்ட்டுக்கு அல்ல, உள்ளூர் சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம். அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். அதை எதிர்த்து நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போக, 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, சட்டப்படியான கடமையிலிருந்து தப்பிக்க நிதியில்லை என்பது சாக்காகாது என்று தள்ளிவிட்டது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. உங்கள் கோட்டத்தின் ஆர்.டி.ஓ.விடம், வண்டி ஆர்.டி.ஓ. அல்ல, வருவாய்க் கோட்டாட்சியரிடம், படங்களோடும் அந்த நான்கு மனுக்களின் நகலோடும் தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். சாலைக்குப் பணம் இருந்த அதே மாதம் சாக்கடைக்கு இல்லை என்பதை அங்கே சொல்லலாம். அங்கே அது எடுபடும்.

மிரட்டலைப் பற்றி. நகராட்சி என்ற அமைப்பு உங்கள் மேல் மானநஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கு என்று எல்லோரும் சொல்லும் ராஜகோபால் வழக்கில், அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அந்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுன்சிலர் தனி மனிதராகப் போடலாம். பதவிப் பணியைப் பற்றிய விமர்சனமாக இருந்தால், உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் பொய்யாக எழுதினீர்கள் என்று அவர்தான் காட்ட வேண்டும். குற்றவியல் அவதூறு தனி, அதில் நல்லெண்ணத்தில் எழுதியதற்கு விலக்கு உண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் "கமிஷன் அடித்தார்" என்று எழுதியிருந்தால் ஆதாரம் கிடைக்கும்வரை அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். "சாலை நீளம் இவ்வளவு, பில் இவ்வளவு, மில்லிங் செய்ததாக எழுதியிருக்கிறது, எங்கள் வாசல் இப்படி இருக்கிறது, விளக்கம் வேண்டும்" என்று படத்தோடு போடுங்கள். அதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள், அனுப்பினால் அதில் அந்த அளவுகளுக்கும் பதில் எழுத வேண்டி வரும்.

எம் புக் பக்கம் கைக்கு வந்ததும் அதன் நகலையும் வாசற்படிப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவை எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.