வெளிநாட்டில் இருக்கும் லினக்ஸ் கணினியின் டெஸ்க்டாப்பை என் லேப்டாப்பில் வேகமாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் ஜெர்மனியில் படிக்கிறார், விடுமுறைக்கு மதுரை வந்திருக்கிறார். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவருக்கென ஒரு உபுண்டு (லினக்ஸ் வகை) கணினி இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் கட்டளையில் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) ஹைஃபன் பெரிய எக்ஸ் போட்டு அங்குள்ள சிமுலேஷன் மென்பொருளைத் திறந்தால், விண்டோ வரவே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. மெனுவைத் தொட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கும்போது ஏன் இப்படி, முழு டெஸ்க்டாப்பையும் இங்கே கொண்டுவர முடியாதா என்பது கேள்வி.

முடியும், நன்றாகவே ஓடும். ஆனால் முதலில் அந்த 100 எம்பிபிஎஸ்ஸை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே பிரச்சினை எவ்வளவு டேட்டா போகிறது என்பதில் இல்லை. ஒரு செய்தி அங்கே போய் பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் இருக்கிறது. நான் சிஸ்டம் அட்மின் வேலையில் இருக்கிறேன். "நெட் ஸ்பீடை ஏத்திட்டேன், அப்பவும் ஸ்லோவா இருக்கு" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பிங், அதாவது அந்தப் போய்வரும் நேரம், எவ்வளவு என்றுதான்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் 7,500 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, போய்வர மட்டுமே 75 மில்லி செகண்ட் ஆகிவிடும். இதைக் குறைக்க எந்த இணைய நிறுவனத்தாலும் முடியாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை, வழியில் எத்தனையோ ரௌட்டர்கள். நடைமுறையில் 150 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹைஃபன் எக்ஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். லினக்ஸ் திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது, அங்கிருந்த அதீனா திட்டத்துக்காக வளர்ந்தது. ஒரு கணினியில் ஓடும் நிரலை அதே வளாகத்தில் இருக்கும் இன்னொரு கணினியின் திரையில் காட்ட வேண்டும் என்பது அவர்கள் தேவை. அதை அருமையாகச் செய்தார்கள். 1987-இல் வந்த 11-ஆம் பதிப்பின் நெறிமுறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. இதில் திரையின் படம் போவதில்லை. "இங்கே ஒரு விண்டோ திற, இந்தக் கோட்டைப் போடு, இந்த எழுத்துருவின் அளவு என்ன" என்று நிரலும் திரையும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். சில கேள்விகளுக்குப் பதில் வந்தால்தான் நிரல் அடுத்த அடி எடுத்து வைக்கும். மளிகைக் கடைக்கு ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் போய்வருவது மாதிரி. கடை எதிர்வீட்டில் இருந்தால் பரவாயில்லை.

ஒரு மென்பொருள் திறக்கும்போது இப்படி 200 முறை பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளாகத்துக்குள் ஒரு போய்வரலுக்கு அரை மில்லி செகண்ட் என்றால் மொத்தம் 0.1 நொடி, கண்ணுக்கே தெரியாது. மதுரையிலிருந்து 150 மில்லி செகண்ட் என்றால் 30 நொடி. உங்கள் இணைப்பை 1000 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அதே 30 நொடிதான். ஹைஃபன் பெரிய சி போட்டு கம்ப்ரஷன் கொடுக்கச் சொல்வார்கள். அது பைட்டுகளைக் குறைக்கும், போய்வரல்களைக் குறைக்காது. போதாததற்கு, இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தாங்களே படத்தை வரைந்து பிட்மேப்பாகத் தள்ளுகின்றன. அதனால் "வரைவதற்கான கட்டளை மட்டும் போகும்" என்ற பழைய லாபமும் போய்விட்டது.

சந்தேகம் இருந்தால் எக்ஸ்ஐஸ் என்ற குட்டி நிரலை அதே வழியில் திறந்து பாருங்கள். இரண்டு கண்கள் வரும், மவுஸ் போகிற பக்கம் பார்க்கும். ஆய்வகத்தில் இருந்தபோது கருவிழி மவுஸோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கும். இங்கிருந்து திறந்தால், மவுஸ் நின்ற பிறகு ஒரு கணம் கழித்துத்தான் விழி வந்து சேரும். அந்த இடைவெளியைத்தான் உங்கள் மென்பொருள் ஒவ்வொரு கேள்விக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, தீர்வு என்ன? அந்தப் பேச்சுவார்த்தை முழுவதையும் ஜெர்மனியிலேயே முடித்துவிட்டு, முடிவான படத்தை மட்டும் இங்கே அனுப்ப வேண்டும். விஎன்சி என்ற தொலைத்திரை மென்பொருள் செய்வது அதைத்தான். இது கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி - ஆரக்கிள் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகி, 1998-இல் திறமூலமாக வெளிவந்தது. அங்கே ஒரு கற்பனைத் திரையோடு டெஸ்க்டாப் முழுவதும் ஓடும். எந்த இடத்தில் படம் மாறியதோ அந்தச் செவ்வகம் மட்டும் சுருக்கப்பட்டு வரும். முழுப்படத்தையும் சுருக்காமல் அனுப்பினால் கட்டுப்படியாகாது. 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட். நொடிக்கு 30 படம் என்றால் ஒன்றரை ஜிகாபிட். மாறியதை மட்டும் அனுப்புவதால்தான் வேர்டு, கோட் எடிட்டர், வரைபடம் எல்லாம் சாதாரண இணைப்பிலும் ஓடுகின்றன. வீடியோ பார்க்க மட்டும் இதை நம்பாதீர்கள்.

உங்கள் மாதிரி ஆட்களுக்கு இதில் வேகத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஹைஃபன் எக்ஸ் வழியில் திறந்த மென்பொருள், இணைப்பு அறுந்த உடனே செத்துவிடும். வீட்டில் கரண்ட் போனால், ரௌட்டர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனால், ராத்திரி முழுக்க ஓடிய சிமுலேஷன் போச்சு. விஎன்சியில் டெஸ்க்டாப் அங்கேயே உயிரோடு இருக்கும். நீங்கள் பார்ப்பது அதன் மேல் ஒரு ஜன்னல் மட்டும். லேப்டாப்பை மூடிவிட்டு மறுநாள் சித்தி வீட்டுக் கணினியிலிருந்து இணைந்தாலும், பாதி தட்டச்சு செய்த வரியில் கர்சர் அதே இடத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பிங் 5 மில்லி செகண்ட் இருந்தாலும் நீண்ட நேர வேலைக்கு நான் விஎன்சிதான் சொல்வேன்.

செய்முறைக்கு வருவோம். அந்த உபுண்டுவில் விஎன்சியின் ஒரு வகையான டைகர்விஎன்சி சர்வரும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும் வேண்டும். உபுண்டுவோடு வரும் க்னோம் டெஸ்க்டாப் அழகுதான், ஆனால் அதன் நிழலும் அனிமேஷனும் ஒவ்வொன்றும் புதிய படமாகக் கடல் தாண்டி வர வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ-இல் கம்போசிட்டரையும் (நிழல் போன்ற அலங்காரங்களைச் சேர்க்கும் பகுதி) அணைத்துவிட்டு, சாதாரண ஒற்றை நிற வால்பேப்பர் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் விஎன்சி சர்வரை 1-ஆம் டிஸ்ப்ளே எண்ணில் தொடங்குங்கள். லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும் ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள். திரை அளவையும் உங்கள் லேப்டாப்புக்கு ஏற்பக் கொடுங்கள். 1600-க்கு 900 போதும் என்றால் அதற்கு மேல் போகாதீர்கள்.

முதல்முறை இணையும்போது சாம்பல் நிற வெற்றுத் திரையும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கர்சரும் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். விஎன்சி சரியாக வேலை செய்கிறது, அதற்குள் டெஸ்க்டாப்தான் தொடங்கவில்லை. உங்கள் ஹோமில் விஎன்சிக்கான மறைந்த ஃபோல்டருக்குள் எக்ஸ்ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் எக்ஸ்எஃப்சிஇ-ஐத் தொடங்கும் வரி இருக்கிறதா, ஃபைலுக்கு இயங்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் சுரங்கம், அதாவது விஎன்சி இணைப்பை எஸ்எஸ்ஹெச்சின் என்கிரிப்ஷனுக்குள் (மறையாக்கம்) வைத்து அனுப்பும் வழி. டிஸ்ப்ளே எண் 1 என்றால் போர்ட் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) 5901, எண் 2 என்றால் 5902. லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்து, ஹைஃபனோடு பெரிய எல், அடுத்து இடைவெளி விடாமல் 5901 கோலன் லோக்கல்ஹோஸ்ட் கோலன் 5901, பிறகு ஓர் இடைவெளி விட்டு உங்கள் யூசர்நேமும் கணினி முகவரியும். அந்த டெர்மினலைத் திறந்தே வைத்துவிட்டு, விஎன்சி வியூவரில் லோக்கல்ஹோஸ்ட் 5901-க்கு இணையுங்கள்.

இந்தச் சுரங்கத்தை விட்டுவிட்டு "ரௌட்டரில் 5901-ஐத் திறந்துவிடு" என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் 20 எழுத்தில் வைத்தாலும் மீதி 12 வீண். அடிப்படை நெறிமுறையில் திரைப் படத்துக்கோ நீங்கள் அடிக்கும் எழுத்துக்கோ என்கிரிப்ஷனும் கிடையாது. திறந்த போர்ட்டைத் தேடி இணையத்தை நாள் முழுக்கத் துழாவும் ஸ்கேனர்களுக்கு அது திறந்த வீடு. முழு டெஸ்க்டாப்பையும் எக்ஸ் வழியாகவே இழுக்க எக்ஸ்டிஎம்சிபி என்று இன்னொரு பழைய வழி உண்டு. அதிலும் என்கிரிப்ஷன் இல்லை, தாமதமும் அதே தாமதம். தொடவே வேண்டாம்.

ஆர்டிபி என்ற, விண்டோஸின் தொலைத்திரை நெறிமுறை பற்றியும் கேட்பீர்கள். மைக்ரோசாஃப்ட் 1998-இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வரோடு கொண்டுவந்தது, போர்ட் 3389. விண்டோஸில் ஹோம் பதிப்பால் இன்னொரு கணினிக்கு இணைய முடியும், ஆனால் தன் டெஸ்க்டாப்பை ஆர்டிபியில் கொடுக்க ப்ரோ வேண்டும். லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி என்ற சர்வர் அதே நெறிமுறையைப் பேசும். விண்டோஸ் லேப்டாப்பில் தனியாக எதுவும் நிறுவாமல் இணையலாம், சத்தமும் காப்பி பேஸ்டும் சேர்ந்தே வரும். வேகத்தில் விஎன்சியை விட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் ஒரு சிக்கல்: ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது லாக் அவுட் ஆகாமல் திரையை மட்டும் லாக் செய்துவிட்டு வந்திருந்தால், அதே பெயரில் எக்ஸ்ஆர்டிபி வழியாக நுழையும்போது வெறும் கறுப்புத் திரை வரலாம். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் லாகின்சிடிஎல் என்ற கட்டளை மூலம் அந்தப் பழைய செஷனை முடித்தால் சரியாகும். அதில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், பார்த்துச் செய்யுங்கள். உபுண்டு 24.04 என்றால் க்னோமிலேயே ரிமோட் லாகின் வசதி ஆர்டிபியாக உள்ளது, க்னோம் 46-இல் வந்தது. அதை இயக்க அட்மின் உரிமை வேண்டும். எதுவானாலும் 3389-ஐயும் சுரங்கத்துக்குள்ளேயே வையுங்கள். 2019-இல் வந்த புளூகீப் ஓட்டையில், லாகின் ஆகாமலேயே பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய முடிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுக்க வேண்டிய அளவுக்கு அது மோசமாக இருந்தது.

ஒரே ஒரு விண்டோ போதும், முழு டெஸ்க்டாப் வேண்டாம் என்றால் எக்ஸ்2கோ என்ற மென்பொருளைப் பாருங்கள். எக்ஸின் பேச்சையே அங்கேயே ஒரு இடைத்தரகர் நிரல் வாங்கிப் பதில் சொல்லிவிடும், கடல் தாண்டி வரும் கேள்விகள் வெகுவாகக் குறையும். எல்லாம் எஸ்எஸ்ஹெச் மேலேயே ஓடும், இணைப்பு அறுந்தாலும் செஷன் நிற்கும். புதிய க்னோமோடு இது ஒத்துப்போவதில்லை. எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிமுலேஷன் முப்பரிமாணக் காட்சியைச் சுழற்றிப் பார்க்கும் வகை என்றால் வெறும் விஎன்சி திணறும், கிராஃபிக்ஸ் கார்டைத் தொடாமல் சிபியுவிலேயே வரைய வேண்டியிருக்கும். அங்குள்ள கிராஃபிக்ஸ் கார்டிலேயே வரையவைக்க, விர்ச்சுவல்ஜிஎல்லும் டர்போவிஎன்சியும் சேர்ந்த ஏற்பாடு இருக்கிறது. பெரிய கணினி மையம் உள்ள பல்கலைக்கழகங்களில் இதைத் தயாராகவே வைத்திருப்பதுண்டு. நீங்களாக நிறுவும் முன் உங்கள் ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அவர்களின் விபிஎன் வழியாக வர வேண்டும் என்ற விதியும் இருக்கலாம், அந்த விபிஎன்னுக்குள்ளேயே இந்தச் சுரங்கமும் ஓடும்.

என்ன செய்தாலும் அந்த 150 மில்லி செகண்ட் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், தட்டச்சு செய்யும்போது எழுத்து ஒரு நொடித்துளி பின்னால் வரும். அதனால் கோட் எழுதுவதை லேப்டாப்பிலேயே செய்து ஃபைலை மட்டும் அனுப்புங்கள், டெர்மினல் வேலையை டிமக்ஸில் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) வையுங்கள், படத்தைப் பார்க்க வேண்டிய இடத்துக்கு மட்டும் டெஸ்க்டாப்பைத் திறங்கள்.

விடுமுறை முடியும்போது விஎன்சி சர்வரை கில் ஆப்ஷன் கொடுத்து, டிஸ்ப்ளே எண்ணையும் சொல்லி நிறுத்திவிடுங்கள். வியூவரை மூடினால் செஷன் மூடியதாகாது. ஆய்வகத்தில் வேறு யாராவது அந்தக் கணினியில் வேலை செய்தால், நீங்கள் மறந்துவிட்ட டெஸ்க்டாப் அவர்களின் மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும்.