ஸ்டோரில் போட்டுப் பூட்டினால் தெளியுமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது, செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். மூன்று வருஷமாக ஹெராயின், ராத்திரியானால் சம்சு (மலிவுச் சாராயம்). இப்போது அவனே விட்டுவிடுகிறேன் என்கிறான். தீபாவளி லீவில் ஒரு வாரம் பின்பக்க ஸ்டோரில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் என் தம்பி. செய்யலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடித்துவிடுமோ என்று பயம்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பூட்டாதீர்கள் அம்மா. உங்கள் தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தோட்டத்தில் அந்தக் காலத்திலிருந்தே இப்படிச் செய்தவர்கள் உண்டு, லயத்துக் கோடி வீட்டில் அடைத்து, கஞ்சி ஊற்றி, அவன் கத்தினால் ரேடியோவைச் சத்தமாக வைத்து. பிழைத்தவனைப் பற்றி மட்டும்தான் நாம் பேசுகிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீரென்றது ஹெராயின் இல்லை, அந்தச் சம்சுதான். தினமும் அதிகமாகக் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உளற ஆரம்பிப்பான். நம் ஆட்கள் காத்துக் கருப்பு என்று பூசாரியைத் தேடிப் போவார்கள். அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமலிருக்க மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 போடுவார்கள். அதனால் டாக்டரைப் பார்க்கும்வரை சம்சுவை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். நானே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. வலிப்போ உளறலோ வந்துவிட்டால் யோசிக்காமல் 999.

ஹெராயினை விட்டால் ஒரு நாளுக்குள் மூக்கொழுகல், எலும்பு வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் கொடுமை, ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இதனால் சாவது அபூர்வம், ஆனால் வாந்தியிலும் போக்கிலும் உடம்பில் தண்ணீர் வற்றினால் ஆபத்துதான்.

பெரிய ஆபத்து ஸ்டோர் கதவைத் திறந்த பிறகுதான் இருக்கிறது. நிறுத்திய கொஞ்ச நாளிலேயே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் சுத்தப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதோடு சிகிச்சை முடிவதில்லை. மலேசியாவில் 2005 முதல் ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் கொடுக்கிறார்கள், திரவ மருந்து, தொடக்கத்தில் தினமும் ஊழியர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். காலையில் மருந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவனும், வீட்டு கேஸ் தோம்பைத் தூக்கி விற்கப் பார்க்கிறவனும் ஒன்றா? ஆனால் மெத்தடோனோடு சம்சுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சை அடைத்துவிடும். லோரி ஓட்டுகிறவன் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் அளவு பிடிபடும்வரை தூக்கம் வரும், ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது.

சரி, எங்கே போவது? பக்கத்து அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). எல்லா கிளினிக்கிலும் மெத்தடோன் இருக்காது, இருக்கும் இடத்துக்கோ பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ கடிதம் கேளுங்கள். சம்சுவும் சேர்ந்திருப்பதால் சில நாள் படுக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. 1983-ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சைச் சட்டத்திலேயே, ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை கேட்க வழி வைத்திருக்கிறார்கள். ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) அதிகாரியிடம் கேட்கலாம். தானே போய் நிற்பதும் ரோட்டில் பிடிபடுவதும் ஒன்றல்ல, அவன் 'விடுகிறேன்' என்று சொல்லும் இந்த வாரத்திலேயே போங்கள், தீபாவளிவரை காத்திருக்காதீர்கள்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், தினமும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டும். நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். ஹெராயினை ஒத்துக்கொள்கிறவன்கூட டாக்டரிடம் சம்சுவை மறைத்துவிடுவான், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.