பழியைக் கடவுளிடம் விட்டால் புகார் கொடுக்கக் கூடாதா?

சிங்கப்பூரில் சம்பளம் தராமல் ஏமாற்றிய முதலாளி மீது புகார் கொடுப்பது விசுவாசக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை.

"பழிவாங்குதல் எனக்குரியது" என்று கடவுள் சொல்லும் பைபிளின் உபாகமம் 32:35 வசனத்தைத்தான் அப்போஸ்தலன் பவுல் ரோமர் 12:19-இல் எடுத்துச் சொல்கிறார். அவர் தடுப்பது நாமே கணக்குத் தீர்ப்பதை. அடுத்த சில வரிகளிலேயே (13:4), தீமை செய்பவனைத் தண்டிக்கும் அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்கிறார். 12, 13 என்ற அத்தியாயப் பிரிவுகள் பிற்காலத்தில் போட்டவை. அதனால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பவுலே இராயனிடம், அதாவது ரோமப் பேரரசரிடம், மேல்முறையீடு செய்தவர் (அப்போஸ்தலர் 25:11).

சரி, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் வழிமுறை இருக்கிறது. வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் கோர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

உண்மையில் கடினம் மனசுதான். என்னிடம் கடன் வாங்கி ஏமாற்றிய ஒருவரைத் தேக்காவில் பார்த்தாலே கொதிக்கும். கடவுளிடம் விடுவது, நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்வது அல்ல. 94-ஆம் சங்கீதம் நீதி கேட்டுக் கதறுகிறது. நீங்களும் அப்படியே ஜெபிக்கலாம். நான் பல மாதம் அப்படித்தான் ஜெபித்தேன். இப்போது என்னை ஏமாற்றியவருக்கு வணக்கம் சொல்ல முடிகிறது. பணம் இன்னும் வரவில்லை.