கரண்ட் போனது, ப்ரொஜெக்ட் திறக்கவில்லை: காசை எங்கே கொடுப்பது?

கேள்வி: கலியாண வீடியோ எடிட் செய்கிறேன். போன கிழமை பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. திரும்ப வந்த பிறகு ப்ரொஜெக்ட்டைத் திறந்தால், அது பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று செய்தி வருகிறது. பாதிக்கு மேல் வெட்டி முடித்திருந்தேன். டவுனில் ஒரு கடையில் 'டேட்டா ரிக்கவரி' செய்ய 25,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(கொக்குவில் வாசகர்)

பதில்: பொறுங்கள் தம்பி, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் முதலில் செய்யப்போகும் வேலையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், அதற்குச் செலவும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ப்ரொஜெக்ட் பைலுக்குள் உங்கள் வீடியோ எதுவும் இல்லை. அது கலியாண வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி: எந்தக் கிளிப், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மேலே என்ன பாட்டு, என்ன கலர் என்று எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பட்டியல் கிழிந்தாலும் சாமான் அறையில்தான் இருக்கும். கமராவிலிருந்து இறக்கிய பைல்கள் வடிவாக ஓடுகின்றனவா என்று ஒருதரம் பாருங்கள். ஓடினால், போயிருப்பது உங்கள் உழைப்பில் ஒரு பகுதி மட்டுமே. அதிலும் பெரும்பங்கு எங்காவது பதிந்திருக்கும்.

எதையும் திறப்பதற்கு முன் அந்த ப்ரொஜெக்ட் போல்டர் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்துவிட்டு, கொப்பியில் மட்டும் கை வையுங்கள்.

பிறகு ப்ரொஜெக்ட் பைல் இருக்கும் அதே இடத்தில், பெயரின் முடிவில் 'ஆட்டோ-சேவ்' என்று வரும் ஒரு போல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் செட்டிங்கை மாற்றியிருக்காவிட்டால் பிரீமியர் அங்கேதான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, திகதியும் நேரமும் பெயரில் போட்டு, ஒவ்வொரு பிரதியாகச் சேர்த்து வைக்கிறது. கடைசிப் பிரதியை வெளியே எடுத்து வைத்துத் திறந்து பாருங்கள். அதுவும் மறுத்தால் அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. கரண்ட் போன நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பிரதிதான் பழுதாகும், அரை மணித்தியாலத்துக்கு முந்தியதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கனபேருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால், பழுதான பைலின் அளவைப் பாருங்கள். பூச்சியம் என்று காட்டினால் அதில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். அளவு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே நல்லது என்று அர்த்தமில்லை. நாம் 'சேவ்' அழுத்தியதும் விண்டோஸ் எல்லாவற்றையும் உடனே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை, கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பைலின் பெயரும் அளவும் பதிந்திருக்கும், உள்ளடக்கம் மட்டும் வெறும் பூச்சியங்களாகக் கிடக்கும். விண்டோஸ் பாவிக்கும் என்டிஎப்எஸ் முறை பைல் பட்டியலைத்தான் காப்பாற்றும், பைலுக்குள் இருப்பதற்கு அது பொறுப்பில்லை.

உள்ளே என்ன நிலை என்று அறிய ஒரு சுகமான வழி உண்டு. பிரீமியர் ப்ரொஜெக்ட் என்பது சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல் எழுத்துப் பைல்தான். கொப்பியின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அழித்துவிட்டு ஜி, இஸட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டு, சுருக்கிய பைல்களைத் திறக்கும் செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். திறந்து உள்ளே ஒரு பெரிய எழுத்துப் பைலைப் பிழையில்லாமல் வெளியே எடுத்துத் தந்தால் ப்ரொஜெக்ட்டின் உடம்பு நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. திறக்கவே மறுத்தால் அந்தப் பைலோடு மினக்கெட வேண்டாம்.

வேறெங்கோ என்றேன் அல்லவா? மூன்று இடங்களில் தேடுங்கள். வீடியோக்கள் இருக்கும் போல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு ப்ரொஜெக்ட்டைத் திறவுங்கள். 'மீடியா எங்கே' என்று கேட்கும்போது எல்லாவற்றையும் ஆப்லைன் ஆக்கச் சொல்லுங்கள். இப்படித் திறந்துவிட்டால் ஏதோ ஒரு கிளிப்தான் குழப்படி செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக இணைத்துப் பார்த்து அதைப் பிடித்துவிடலாம். இரண்டாவது, மீடியா கேஷ், அதாவது வேகமாக ஓடுவதற்காக மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைக்கும் பைல்கள். அதை அழித்தால் ஒன்றும் கெடாது, மென்பொருள் தானாகவே திரும்ப உருவாக்கும். மூன்றாவது, வெளியிலிருந்து எடுத்துப் போட்ட பிளகின்கள், அதாவது எபெக்ட் போன்றவற்றுக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்கள். கலியாண வீடியோ செய்பவர்களின் கொம்பியூட்டரில் இதுகள் குவிந்து கிடக்கும். அவற்றை வேறு போல்டருக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள்.

இதிலும் சரிவராவிட்டால் புது ப்ரொஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, பழையதை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். முழுதாக வராவிட்டால் பிரீமியருக்குள் இருக்கும் மீடியா பிரவுசர் வழியாக ஒவ்வொரு சீக்குவென்ஸாக (வெட்டி அடுக்கிய ஒவ்வொரு பகுதியாக) எடுக்கலாம். தாலி கட்டும் பகுதி வந்து வரவேற்புப் பகுதி வராமல் போகலாம், அதுவும் லாபம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு வட்ஸ்அப்பில் ஒரு மாதிரி வீடியோ அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள். அதை அடி ட்ராக்கில் போட்டுப் பார்த்துப் பார்த்து வெட்டினால் இரண்டாம் தரம் வேலை பாதி நேரத்தில் முடியும்.

சரி, கடைக்கு எப்போது போவது? ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால், அல்லது கொம்பியூட்டருக்கு அது தெரியவே இல்லை என்றால். அப்போது உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், நீங்களாக எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். அப்படியான வேலைக்குக் காசு கேட்பது நியாயம். ஆனால் 'பைல்கள் கிடைத்தால்தான் காசு' என்ற பேச்சை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கில்) தவறுதலாக அழித்த பைல் என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை டிஸ்க்கே பின்னணியில் துடைத்துவிடும், எவ்வளவு காசு கொடுத்தாலும் அது திரும்பாது.

கேள்வி: மகளின் சாமத்திய வீட்டுக்கு வீடியோ எடுத்தவர் மூன்று மாதமாக இழுத்தடித்து, இப்போது 'ப்ரொஜெக்ட் கரப்ட் ஆகிவிட்டது அக்கா, ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார். முற்பணம் முக்கால்வாசி கொடுத்துவிட்டோம். கனடாவில் இருக்கும் அண்ணா குடும்பம் வீடியோவுக்காகக் காத்திருக்கிறது. சட்டப்படி ஏதும் செய்யலாமா?
(சாவகச்சேரி வாசகி)

பதில்: மேலே கொக்குவில் தம்பிக்குச் சொன்னதையும் வாசியுங்கள், உங்கள் பிடி அங்கேதான் இருக்கிறது. ப்ரொஜெக்ட் பழுதானால் வீடியோ போய்விட்டது என்று ஆகாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'கமராவில் எடுத்த மூல பைல்கள் இருக்கா, இல்லையா?'

இருக்கு என்றால் அரைவாசிச் சண்டை முடிந்தது. திரும்ப எடிட் செய்ய ஒரு திகதி கேளுங்கள், அல்லது மூல பைல்களை உங்களிடம் தரச் சொல்லுங்கள். வேறொரு ஸ்டூடியோவில் எடிட் செய்விக்கலாம். ஒரு செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த வீடியோ மணித்தியாலத்துக்கு 45 ஜிபி வரும். இரண்டு கமரா, மொத்தம் ஆறு மணித்தியாலம் என்றாலும் 270 ஜிபிதான், ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். 'டிஸ்க் நான் வாங்கித் தாறன்' என்று நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், சாட்டுச் சொல்ல இடமிருக்காது.

இல்லை என்றால் கதை வேறு. எடிட் முடியும் முன்பே கமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த விழாவுக்குப் பாவித்திருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதைக் கரண்டிலோ மென்பொருளிலோ போட முடியாது, அது தொழிலில் கவனக்குறைவு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். காசு வாங்கிச் செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய உறுதி. அந்த அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விபரம் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதம் ஓடிவிட்டது. ஆகவே இன்றே அழையுங்கள், கெடு எந்த நாளிலிருந்து கணக்கு என்பதை அவர்களிடமே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அது தவறினாலும் மத்தியஸ்த சபை இருக்கிறது. செலவில்லாத வழி, ஊருக்குள் ஒருவரையொருவர் முகம் பார்க்க வேண்டிய இப்படியான விஷயத்துக்கு எனக்குப் பிடித்த வழியும் அதுதான்.

பற்றுச்சீட்டு, அவரோடு கதைத்த வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குரல் செய்தியையும் அழிக்க வேண்டாம். இதற்கிடையில், வந்திருந்தவர்களின் போன்களில் உள்ள வீடியோக்களைத் திரட்டத் தொடங்குங்கள். சொந்தக்காரர் போன் மாற்றும்போது அதுவும் போய்விடும்.

கேள்வி: வவுனியாவில் உள்ள சினேகிதன் அனுப்பிய பிரீமியர் ப்ரொஜெக்ட் எனக்குத் திறக்குதில்லை. அவனுக்குத் திறக்கிறது. இணையத்தில் 'ப்ரொஜெக்ட் ரிப்பேர்' மென்பொருள் டொலரில் விற்கிறார்கள். வாங்கலாமா?
(மானிப்பாய் வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். அவருக்குத் திறக்கிறது என்றால் பெரும்பாலும் பைல் பழுதில்லை, அவரிடம் இருப்பது உங்களுடையதை விடப் புதிய பதிப்பாக இருக்கும். புதியதில் சேமித்ததைப் பழைய பிரீமியர் திறக்காது, செய்தியை வடிவாக வாசித்தால் அதிலேயே சொல்லியிருக்கும். மேலே சொன்ன செவன்-ஸிப் வழியில் எக்ஸ்எம்எல்லை வெளியே எடுத்து, தொடக்கத்தில் ப்ரொஜெக்ட் என்ற வரியில் உள்ள பதிப்பு எண்ணை 1 ஆக்கி, திரும்பச் சுருக்கி, பழைய பெயர் முடிவைக் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். புதிய பதிப்பின் எபெக்ட்கள் சில மட்டும் காணாமல் போகும்.

விற்பனைக்கு இருக்கும் 'ரிப்பேர்' மென்பொருள்களில் பெரும்பாலானவை எம்பி4 போன்ற வீடியோ பைலைத் திருத்துபவை, ப்ரொஜெக்ட்டை அல்ல. கமரா பற்றரி இடையில் இறங்கி ஓடாமல் நிற்கும் வீடியோ என்றாலும் முதலில் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். அதே கமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், உடைந்ததை அது ஒட்டித் தரும். 'கிராக்' செய்த பதிப்பைப் போடும் யோசனை இருந்தால், வாடிக்கையாளரின் வீடியோக்கள் இருக்கும் கொம்பியூட்டரில் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: நான் பாவிப்பது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள், இலவசப் பதிப்பு. விண்டோஸைத் திரும்பப் போட்ட பிறகு ப்ரொஜெக்ட் ஒன்றையும் காணவில்லை. வீடியோக்கள் டி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. 295 டொலர் கொடுத்து ஸ்டூடியோ பதிப்பு வாங்கினால் திரும்ப வருமா?
(திருநெல்வேலி, மாணவர்)

பதில்: வராது. ரிசால்வில் ப்ரொஜெக்ட் என்பது வீடியோவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பைல் அல்ல, தனியான ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. நீங்கள் இடத்தை மாற்றியிருக்காவிட்டால் அது சி டிரைவில், உங்கள் பயனர் போல்டருக்குள் மறைந்திருக்கும். சி டிரைவை முழுதாக போர்மட் செய்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு நம்பிக்கை: போர்மட் செய்யாமல் மேலேயே விண்டோஸைப் போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற போல்டர் இருக்கும். பழைய பயனர் போல்டர் அதற்குள் இருக்கும், ரிசால்வைச் செய்யும் நிறுவனமான பிளாக்மேஜிக்கின் பெயரைத் தேடுங்கள். அந்த போல்டரை விண்டோஸ் சில நாட்களில் தானாகவே அழித்துவிடும், ஆகவே இன்றைக்கே பாருங்கள். இனிமேல், முடிக்கும் ஒவ்வொரு நாளும் ப்ரொஜெக்ட் மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து வீடியோக்களோடு சேர்த்து வையுங்கள். தானியங்கி ப்ரொஜெக்ட் பேக்கப்பையும் செட்டிங்கில் போட்டு, சேமிக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள். இலவசப் பதிப்பிலேயே இதெல்லாம் உண்டு.

கேள்வி: எடிட்டிங் கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் வாங்கப் போகிறேன். 650 விஏ போதும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
(சுன்னாகம் வாசகர்)

பதில்: ஒபிஸ் கொம்பியூட்டருக்கு உண்மை. எடிட்டிங் கொம்பியூட்டருக்குச் சந்தேகம்தான். பெட்டியில் பெரிதாகப் போடும் விஏ எண்ணை விட்டுவிட்டு, பின்பக்க லேபிளில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 650 விஏ என்பது பல மொடல்களில் 360 வாட் அளவில்தான் நிற்கும். நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கொம்பியூட்டர் ரெண்டர் செய்யும்போது (வெட்டியதை முழு வீடியோவாக ஆக்கும்போது) மானிட்டரோடு சேர்த்து அதைத் தாண்டலாம். தாண்டினால் கரண்ட் போகும் அந்த நொடியிலேயே யூபிஎஸ்ஸும் கைவிரித்துவிடும், வாங்கியும் வாங்காத மாதிரி.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள், ஆனால் அது அட்டவணை போட்டு வந்த வெட்டு. எடிட்டரைக் கெடுப்பது சொல்லாமல் போகும் கரண்ட். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுக்க ஒரேயடியாக நின்றது ஞாபகம் இருக்கும், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொன்னார்கள். யூபிஎஸ் இருந்தால் அப்படியான நேரத்தில் சேமித்துவிட்டு அமைதியாக நிறுத்தலாம். தொடர்ந்து எடிட் செய்ய அது உதவாது, அந்த ஆசையில் வாங்காதீர்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி அடப்டர் இருந்தால் அதையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். லப்டொப் பாவிப்பவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைப்பார்கள். லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ப்ரொஜெக்ட் இருக்கும் டிஸ்க் செத்துப்போயிருக்கும். சில யூபிஎஸ்களில் எல்லாத் துவாரங்களுக்கும் பற்றரி வராது, எதற்கு வரும் என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். லேசர் பிரிண்டரை அதில் போட வேண்டாம்.

உள்ளே இருப்பது ஈய அமிலப் பற்றரி, வெக்கை அதற்கு எதிரி. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஏசி இல்லாத யாழ்ப்பாணத்து அறையில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதனால் வாங்கும்போதே பற்றரி செய்த திகதியைப் பாருங்கள், கடையில் ஒரு வருடம் கிடந்ததை உங்கள் தலையில் கட்டலாம். வொரண்டி பற்றரிக்கும் சேர்த்தா என்று கேட்டு, பில்லில் சீரியல் இலக்கத்தோடு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முக்கியமான வேலை எதுவும் திறந்திருக்காத நேரத்தில் ரெண்டர் ஒன்றை ஓடவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்காவிட்டால் அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.