நொய்யல் கரையில் ஒரு வகுப்பறை: வாசகர் கேள்வி – பதில்

சிறிய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் செய்யும் ஆய்வுகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

என் மகள் வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புகிறாள். இடம் கிடைக்கக்கூடிய பல்கலைக்கழகம் மிகவும் சிறியது. தரவரிசைப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. அங்கே ஆய்வு என்று என்ன நடந்துவிடப் போகிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? – வாசகர் ஒருவர், பட்டுக்கோட்டை

பொதுவாகச் சரி என்றோ தவறு என்றோ சொல்லிவிட முடியாத கேள்வி இது என்பதால், ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு மண்மேட்டையும் எடுத்துக்கொண்டு விடை சொல்கிறேன்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. வ. அய். சுப்பிரமணியம் அதன் முதல் துணைவேந்தர். பொறியியலும் மருத்துவமும் இல்லாமல், கல்வெட்டு, ஓலைச்சுவடி, மொழியியல் போன்ற துறைகளை வைத்துக்கொண்டு, வகுப்பு நடத்துவதைவிட ஆய்வு செய்வதையே முதல் வேலையாகக் கொண்டு உருவான நிறுவனம் அது. அதன் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையினர், பல்கலைக்கழகம் தொடங்கிய நான்காம் ஆண்டிலேயே, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் இருக்கும் கொடுமணலுக்குச் சென்றார்கள். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய ‘கொடுமணம்’ இந்த ஊரே என்று கருதப்படுகிறது. அவ்வூரில் கிடைக்கும் அணிகலனை அரிசில்கிழார் ‘வினைமாண் அருங்கலம்’ என்கிறார். வேலைப்பாட்டில் சிறந்த அரிய பொருள் என்பது அதன் கருத்து.

1985, 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடந்தது. எ. சுப்பராயலு, கா. ராஜன், கொங்கு நாட்டு மண்ணை நன்கறிந்த புலவர் செ. இராசு ஆகியோர் அந்தப் பணியோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவர்கள். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், ஒரே ஈமச்சின்னத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளும் கிடைத்தன. என்னைக் கேட்டால், அழகாக முடிக்கப்பட்ட மணிகளைவிட முடிக்கப்படாத மணிகளே அங்கே அதிகம் பேசுகின்றன. பட்டை தீட்டாத கல், பாதி தீட்டிய கல், துளையிடும்போது உடைந்துபோன கல் என்று எல்லா நிலைகளிலும் மணிகள் கிடைத்ததால்தான், அவை வெளியூரிலிருந்து வாங்கி வந்தவை அல்ல, அந்த ஊர்ப் பட்டறைகளிலேயே செய்யப்பட்டவை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, பளிங்குக்கு வெங்கமேடு, இரும்புக்குச் சென்னிமலை என மூலப்பொருள் கிடைக்கும் இடங்கள் சுற்றிலும் இருக்கின்றன. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குச் செல்லும் பழைய வழியிலும் ஊர் அமைந்திருக்கிறது. ‘வினைமாண்’ என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை சான்றுகளையும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது, தொடங்கிப் பத்தாண்டுகூட நிறையாத ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரே துறை.

தரவரிசைப் பட்டியல் இதைப் பெரும்பாலும் காண்பதில்லை. 2016 முதல் வெளிவரும் தேசிய தரவரிசை, ஆய்வு வெளியீடுகளைப் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் உள்ள கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கொண்டே எண்ணுகிறது. தமிழில் வந்த நூலும், அகழாய்வு அறிக்கையும், கல்வெட்டுப் பதிப்பும் அந்தக் கணக்கில் ஏறுவது அரிது. ஆனாலும் உங்கள் உறவினர்களின் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. பட்டியலில் இடம் பெறாமல், உண்மையிலேயே எதுவும் நடக்காத துறைகளும் இருக்கின்றன. மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் அந்தத் துறைக்கே நேரில் போய் வாருங்கள். நெறியாளர் ஆகப்போகிறவரிடம், அவருடைய மாணவர்கள் இதுவரை எந்தத் தலைப்புகளில் ஆய்வு செய்தார்கள், அதற்குரிய சான்றுகளை எங்கே போய்த் திரட்டினார்கள் என்று கேளுங்கள். வேலை நடக்கும் துறை என்றால், விடை ஊர்ப் பெயர்களாகவும் சுவடி எண்களாகவும் வந்து விழும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கொடுமணல். உடைந்த பானை ஓடுகளை மூட்டை மூட்டையாக எடுத்துச் சென்று ஆய்வாளர்கள் என்னதான் செய்கிறார்கள்? – வாசகி ஒருவர், சென்னிமலை

முதலில் கழுவுகிறார்கள். எளிதாகத் தோன்றினாலும் பயிற்சி வேண்டிய வேலை இது. கடினமான தூரிகையால் அழுத்தித் தேய்த்தால், மண்ணோடு சேர்ந்து 2,000 ஆண்டுப் பழமையான கீறலும் போய்விடும். நிழலில் உலர்த்திய பிறகு, ஒவ்வோர் ஓட்டின் உட்பக்கத்திலும் ஊரின் குறியீடு, குழியின் எண், மண்ணடுக்கு ஆகியவற்றைச் சிறிய எழுத்தில் மையால் எழுதுகிறார்கள். அந்த எண் இல்லாவிட்டால், எத்தனை அழகான எழுத்து இருந்தாலும் அந்த ஓட்டைக் கொண்டு காலத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. பிறகு வெளிச்சம் சாய்வாக விழும்படி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் தெரிந்தால் மெல்லிய தாளை வைத்துப் படியெடுக்கிறார்கள். அது எழுத்தா, குறியீடா, மண்வெட்டி பட்ட காயமா என்று பிரித்தறிவதற்கு ஆண்டுக்கணக்கில் பழகிய கண் வேண்டும்.

கொடுமணலில் இவ்வாறு நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்துகள் அடையாளம் காணப்பட்டன. ஆதன், சாத்தன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு, விசாகி போன்ற வடபுலச் சாயல் உடைய பெயர்களும் இருக்கின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் இருக்கிறது. மணிகளையும் இந்தப் பெயர்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான், தொலைதூர வணிகர்கள் வந்துபோன ஒரு தொழில் ஊர் நம் கண்முன் எழுகிறது. எழுத்துகளில் பெரும்பாலானவை, பானையைச் சுட்ட பிறகு கீறப்பட்டவை. ஆகவே அவற்றை எழுதியவர்கள் குயவர்கள் அல்லர், பானையை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுத்தறிவு அரசவையைத் தாண்டிப் பட்டறை வரை பரவியிருந்தது என்ற வாதத்துக்கு இதுவே அடிப்படை. நான்கு பருவங்களில் தோண்டியவற்றைப் பிரித்து, வரைந்து, ஒப்பிட்டு முடிக்க அதைவிடப் பல மடங்கு நாள்கள் மேசையருகே உட்கார வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த நாள்கள் ஆய்வாகவே தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தனியார் கல்லூரி ஒன்றில் பணிபுரிகிறேன். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்கிறார்கள். கையிலிருந்து பணம் கட்டி எந்த இதழிலாவது போடச் சொல்லி மறைமுகமாக வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது? – உதவிப் பேராசிரியர் ஒருவர், திருச்சி

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. இதே குறையைச் சொல்லி எழுதியிருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர். போலி இதழ்களை ஒதுக்குவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ‘கேர்’ என்ற ஆய்விதழ்ப் பட்டியலைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே மதிப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022 நவம்பர் விதிகளிலேயே நீக்கப்பட்டது. ஆகவே உங்களிடம் கேட்கப்படும் எண்ணிக்கை எந்த விதியிலிருந்து வருகிறது என்று எழுத்து வடிவில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அனுப்பிய சில நாள்களில் ஒரு திருத்தம்கூடக் கேட்காமல் கட்டுரையை ஏற்று, உடனே கட்டண விவரம் அனுப்பும் இதழுக்கும், கணிதம் முதல் கர்நாடக இசை வரை எல்லாவற்றையும் ஒரே இதழில் வெளியிடும் பதிப்பாளருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அங்கே வெளியான கட்டுரையைப் பின்னாளில் நல்ல இதழ் எதுவும் ஏற்காது. உங்கள் உழைப்பு அங்கேயே புதைந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று என்றாலும், நீங்கள் நேரில் பார்த்துத் திரட்டிய சான்றோடு, தீவிரமாகத் திருத்தம் கேட்கும் இதழுக்கு அனுப்புங்கள்.

பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் பொதுமக்கள் படிக்க முடியுமா? – வாசகர் ஒருவர், நாகர்கோவில்

முடியும், கட்டணம் இல்லாமலே. காந்திநகரில் இருக்கும் ‘இன்ஃபிளிப்நெட்’ மையம் நடத்தும் ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. தமிழில் எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. உங்கள் ஊரின் பெயரையே இட்டுத் தேடிப் பாருங்கள்.

எங்கள் துறையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. அறிவியல் சான்று வேண்டிய ஆய்வை நாங்கள் எப்படிச் செய்வது? – ஆய்வு மாணவி ஒருவர், காரைக்குடி

பொருந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில், கொடுமணலில் பணியாற்றிய அதே கா. ராஜன், பின்னர் புதுவைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலிருந்து 2009, 2010 ஆண்டுகளில் அகழாய்வு செய்தார். ஓர் ஈமச்சின்னத்தில் நான்கு கால்களுடைய சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அங்கேயே ‘வய்ர’ என்று தமிழ்-பிராமியில் கீறிய பானைத் தாங்கியும் இருந்தது. நெல்மணிகளை அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் கணிப்பு செய்ததில் கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. இன்னொரு மாதிரி கி.மு. 450 என்று காட்டியது. எழுத்தின் காலத்தை இதைக்கொண்டு முடிவு செய்யலாமா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். அப்படி விவாதிக்கத் தகுந்த சான்று கையில் இருந்தது. கருவி வேறொரு நாட்டில் இருந்தது. நெல்லையும் எழுத்தையும் ஒரே ஈமச்சின்னத்தில் பார்த்து, எது எந்த நிலையில் கிடந்தது என்று பதிவு செய்தது வரலாற்றுத் துறையின் வேலை.

இன்று நீங்கள் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. புதுதில்லியில் உள்ள ‘பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம்’, சொந்தமாகக் கருவி வாங்க இயலாத பல்கலைக்கழகங்கள் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகவே ஏற்பட்டது. கரிமக் காலக் கணிப்பு வசதியும் அங்கே இருக்கிறது. நெறியாளர் வழியாக விண்ணப்பியுங்கள். மாதிரி எடுக்கும் நாளில் கவனம் தேவை: விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, தூய அலுமினியத் தாளில் மடித்து, குழி எண்ணையும் ஆழத்தையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். மாலையில் முகாமுக்குத் திரும்பிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.