எடை சமம்தான், விடை ஏன் கோணல்?

கேள்வி: எங்கள் ஆலையின் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு ஆலோசகர் ஒருவர் கோல் புரோகிராமிங் முறையில் (பல இலக்குகளை ஒரே சமயத்தில் எட்டப் பார்க்கும் கணக்குமுறை) ஒரு கணித மாதிரி போட்டுக் கொடுத்தார். இலக்குகள் மூன்று: 400 பேருக்கு வேலை, கார்பன் உமிழ்வு 1,200 டன்னுக்குள், நீர்ப் பயன்பாடு 5 கோடி லிட்டருக்குள். மூன்றுக்கும் சம எடை, அதாவது சம முக்கியத்துவம். விடையில் நீர் இலக்கு கச்சிதமாக நிறைவேறுகிறது. ஆனால் வேலை 320-க்கு இறங்கி, உமிழ்வு 1,500-க்கு ஏறிவிட்டது. "இதுதான் உகந்த விடை" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. அதன் கையில் கொடுத்த கணக்குதான் தப்பு.

இலக்கை எட்டாமல் விட்ட அளவு குறைவிலகல், தாண்டிப்போன அளவு மிகைவிலகல். இவற்றில் நமக்கு வேண்டாததை எடையால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை முடிந்தவரை குறைப்பதுதான் மாதிரிக்குத் தெரிந்த ஒரே வேலை. 1950-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சார்ன்ஸும் கூப்பரும் இந்த முறையை வகுத்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. உங்கள் விடையில் 80 பேர் குறைவு, 300 டன் கூடுதல், கூட்டினால் 380. இன்னும் 20 லட்சம் லிட்டர் நீர் எடுத்தால் மற்ற இரண்டு இலக்கும் நிறைவேறிவிடும் என்று வையுங்கள். அந்தத் திட்டத்தின் கூட்டுத்தொகை 20,00,000. மாதிரி 380-ஐத்தான் எடுக்கும். அலகை மாற்றாமல் சம எடை போட்டால் ஓர் ஆளின் வேலையும் ஒரு லிட்டர் நீரும் அதற்கு ஒரே விலை.

ஒவ்வொரு விலகலையும் அதன் இலக்கால் வகுத்துச் சதவீதமாக்கச் சொல்லுங்கள். வேலை 20%, உமிழ்வு 25%, நீர் 4%. இப்போது 45-க்கு எதிரே 4, விடை புரண்டுவிடும். ஆலோசகர் இதைச் செய்தாரா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: நீரை லிட்டருக்குப் பதில் ஆயிரம் கன மீட்டரில் (இலக்கு 50) எழுதி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். விடை மாறினால் செய்யவில்லை.

சதவீதம் ஓரிடத்தில் உடையும்: இலக்கே பூஜ்ஜியமாக இருந்தால். 'அபாயக் கழிவை நிலத்தில் கொட்டுவது 0 டன்' என்ற நான்காவது இலக்கைச் சேர்க்கிறீர்கள். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. உடனே இலக்கை 0.01 என்று திருத்திச் சமாளிப்பார்கள், விடக்கூடாது. 5 டன் கழிவு வந்தாலே விலகல் 49,900% ஆகி மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். லிட்டர் செய்த அதே கோளாறுதான் இது. சரியான வழி: ஒவ்வோர் இலக்கையும் தனித்தனியே எடுத்து அதை மட்டும் உகந்ததாக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மற்றவை எந்த அளவுக்குக் கெடுகின்றன என்று குறித்து, ஒவ்வோர் இலக்குக்கும் வந்த மிக மோசமான அளவுக்கும் அந்த இலக்குக்கும் உள்ள தூரத்தால் அதன் விலகலை வகுங்கள். கழிவின் மோசமான அளவு 40 டன் என்றால், 5 டன் விலகல் 12.5%. இப்படிச் செய்தால் எல்லா இலக்குகளுக்கும் செய்ய வேண்டும். கழிவுக்குத் தூரம், மற்றவற்றுக்குச் சதவீதம் என்று கலந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. மோசமான அளவைக் கணக்கு போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை மனம்போல ஊகிப்பவர் எடையையே ரகசியமாக மாற்றுகிறார்.

இனி, இந்த வேலையைக் காசுக்குச் செய்து தருபவர்களின் கைவரிசை. இலக்கைத் தளர்வாக வைத்தால் எல்லா விலகலும் பூஜ்ஜியம். '100% நிலைத்தன்மை' என்று வண்ண அறிக்கை வந்துவிடும். 4 கோடி லிட்டரில் முடியும் ஆலைக்கு 5 கோடி இலக்கு வைத்தால், அதைத் தொட்டதும் மாதிரி நின்றுவிடும், மேலே சேமிக்க முயலாது. விலகல் பூஜ்ஜியமானால் மகிழாதீர்கள். கிடைத்த அளவுகளை மோசமாக்காமல் இன்னும் எவ்வளவு மேம்படும் என்று இரண்டாவது முறை ஓட்டச் சொல்லுங்கள். சட்ட வரம்பை இலக்காக எழுதுவதும் உண்டு. இலக்கை மீறலாம், சட்டத்தை மீற முடியாது. அது மீறவே முடியாத கட்டுப்பாடாகத்தான் மாதிரிக்குள் போக வேண்டும்.

'ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளையும் முன்னுரிமைப் படிகளாக அடுக்கியிருக்கிறோம்' என்றால் இன்னும் உஷாராகுங்கள். மேல்படியில் எட்டியதைக் கீழ்ப்படி தொடக்கூடாது என்பது அந்த முறையின் விதி. முதல் சில படிகளிலேயே தேர்வுக்கு இடமில்லாமல் போய்விடும். மீதிப் படிகள் வெறும் அலங்காரம். அறிக்கை கேட்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2015-ல் அறிவித்தவை 17 இலக்குகள், 169 துணை இலக்குகள். படிவத்தில் கேட்பதோ ஒரே ஒரு மதிப்பெண். நீரில் மிச்சம் பிடித்து வேலையில் கோட்டைவிட்டதை அந்த ஒற்றை எண் மறைத்துவிடும் என்று தெரிந்தும் கேட்கிறார்கள்.

ஆலோசகரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: இயல்பாக்கத்துக்கு (மேலே சொன்ன வகுத்தலுக்கு) முந்தைய விலகல்கள் அவற்றின் அலகோடு, தனித்தனி ஓட்டங்களின் அட்டவணை, ஒவ்வோர் எடையையும் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டிய விடைகள். தர மறுத்தால் மீதிப் பணத்தை நிறுத்துங்கள். இந்த அளவு மாதிரியை எக்செலில் உகந்த விடை தேடித் தரும் சால்வர் கருவியிலேயே போட்டுவிடலாம். 200 மாறிகள் வரை அது தாங்கும்.